தரை பளபளக்கணும் சரி, அந்த தூசிய யாரு முழுங்குறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

உங்க பேப்பர்ல ஞாயித்துக்கிழமை வர்ற வீடு மனை பக்கத்துல கான்கிரீட் தரைய பாலிஷ் போடுறது பத்தி எழுதியிருந்தீங்க. டைல்ஸ் வேண்டாம் கிரானைட் வேண்டாம், போட்ட கான்கிரீட்டையே அரைச்சு பளபளன்னு ஆக்கிடலாம், ஜாயிண்ட் கிடையாது, அழுக்கு சேராது, வருஷக்கணக்கா நிக்கும்னு. எல்லாம் உண்மைதான். நான் கோயம்புத்தூர்ல அதே வேலை பண்றவன், எங்கப்பா மொசைக் பாலிஷ் மேஸ்திரி, நான் வீடு, ஷோரூம், குடோன்னு கான்கிரீட் பாலிஷ் எடுத்து பண்றேன். இந்த தரைய பத்தி நல்லதா நாலு வார்த்தை வந்தா எனக்கு வேலை வரும், சந்தோஷம்தான். ஆனா அவ்ளோ பெரிய கட்டுரைல அரைக்கிற ஆள பத்தி ஒரு வரி இல்லீங்க, அரைக்கும்போது கெளம்புற தூசிய பத்தி ஒரு வரி இல்ல. அதுக்காகத்தான் இத எழுதுறேன், கொஞ்சம் நீளமா போயிடுச்சு, வெட்டாம போட்டீங்கன்னா புண்ணியமா போகும்.

முதல்ல வேலை எப்படி நடக்குதுன்னு சொல்லிடுறேன். கான்கிரீட் போட்டு 28 நாள் ஆன பிறகு மெஷின் ஏத்துவோம். மெஷின் அடில சுத்துற தட்டுல டைமண்ட் செக்மெண்ட் மாட்டியிருக்கும், நம்பர் ஏற ஏற சொரசொரப்பு கொறையும், முதல்ல 30 நம்பர், அடுத்து 60, 120ன்னு டைமண்ட் தூள உலோகத்துல பதிச்ச செக்மெண்ட், அதுக்கப்புறம் பிளாஸ்டிக் மாதிரி ரெசின்ல பதிச்ச பேட் 200, 400, 800, ஓனருக்கு நல்லா மின்னணும்னா 1500, 3000 வரைக்கும் போவோம். நடுவுல டென்சிபையர்னு ஒரு தண்ணி மாதிரி கெமிக்கல் ஊத்துவோம், லித்தியம் சிலிகேட் இல்லன்னா சோடியம் சிலிகேட், அது கான்கிரீட்டுக்குள்ள இருக்கற சுண்ணாம்போட சேந்து உள்ளயே இறுகிக்கும், தரை கல்லு கணக்கா ஆயிடும், நடந்தா மாவு உதிராது. மெழுகு மாதிரி எதயோ மேல பூசிட்டு இதுதான் கான்கிரீட் பாலிஷ்னு காட்டுறவங்களும் இருக்காங்க, ஆள் நடக்கற இடத்துல அது சீக்கிரமே மங்கிடும், அதெல்லாம் பாலிஷே கிடையாது.

இதுல தூசி வர்றது முக்கியமா முதல் ரெண்டு மூணு நம்பர்லதான். எவ்ளோ வரும்னு நெனைக்கிறீங்க? 1000 சதுர அடி தரைல வெறும் 1 மில்லிமீட்டர் அரைச்சா 220 கிலோ தூள் வருதுங்க. நாலு சிமெண்ட் மூட்டைக்கு மேல. கான்கிரீட்டோட எடை ஒரு கன மீட்டருக்கு 2400 கிலோன்னு வச்சு நீங்களே கணக்கு போட்டு பாக்கலாம். மேடு பள்ளமா ஊத்துன ஸ்லாப்பா இருந்து 3 மில்லிமீட்டர் எடுக்க வேண்டி வந்தா அரை டன்னுக்கு மேல போயிடும். தண்ணி விட்டு அரைச்சா அது சேறா தரைல கெடக்கும், தூசி உறிஞ்சுற வேக்கம் மெஷின் மாட்டி அரைச்சா பைக்குள்ள போகும், ரெண்டும் இல்லாம காய வச்சு அரைச்சா அதுல ஒரு பங்கு அந்த ரூம் காத்துல நிக்கும், உள்ள ஒருத்தன் நின்னுட்டு இருப்பான்.

கான்கிரீட்டுல இருக்கறது சிமெண்ட், ஜல்லி, எம்-சாண்ட். நம்ம ஊர் ஜல்லியும் எம்-சாண்டும் பாறைய ஒடச்சு வர்றது, அந்த பாறைல குவார்ட்ஸ் இருக்கு, குவார்ட்ஸ்னா சிலிகா. அத பொடி பண்ணா கண்ணுக்கு தெரியற தூசி கொஞ்ச நேரத்துல கீழ படிஞ்சிடும், மூக்குலயும் தொண்டைலயும் மாட்டி சளியா வெளிய வந்துடும். கண்ணுக்கு தெரியாத தூசி இருக்கு பாருங்க, 4 மைக்ரான் 5 மைக்ரான்னு, நம்ம தலமுடி கனத்துல பத்துல ஒரு பங்கு கூட இருக்காது, அது மெஷின ஆப் பண்ண பிறகும் மணிக்கணக்கா காத்துல மிதக்கும், நேரா நுரையீரலோட அடி வரைக்கும் போய் அங்கயே ஒக்காந்துக்கும். அது ஒக்காந்த இடத்துல தழும்பு விழும், தழும்பு விழுந்த இடம் சுருங்காது விரியாது, மூச்சு கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சுட்டே போகும். இதுக்கு பேருதான் சிலிகோசிஸ். குணமாக்க மருந்து கிடையாது, வேலைய விட்ட பிறகும் நோய் வளரும். போதாக்குறைக்கு டிபி தொத்துற வாய்ப்பும் அதிகமாகும். 1997லயே உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி பிரிவு இந்த சிலிகா தூசிய கேன்சர் வர வைக்கும்னு உறுதியான பொருள் பட்டியல்ல சேத்துடுச்சு.

எவ்ளோ தூசி இருந்தா ஆபத்துன்னு கேட்டா, அமெரிக்கால 2016ல ஒரு விதி போட்டாங்க, எட்டு மணி நேர வேலைக்கு சராசரியா ஒரு கன மீட்டர் காத்துல 50 மைக்ரோகிராம் சிலிகாவுக்கு மேல இருக்க கூடாதுன்னு. 10க்கு 10 ரூம், 10 அடி ஒசரம், அந்த ரூம் காத்து முழுசுக்கும் கணக்கு போட்டா ஒன்றரை மில்லிகிராம் கூட வரல. விரல் நுனிய உப்புல தொட்டு எடுத்தா ஒட்டுமே, அவ்ளோதான். அரைக்கிறது 220 கிலோ, அதுல எல்லாமே சிலிகா இல்ல, எல்லாமே நுரையீரலுக்குள்ள போற சைஸும் இல்ல, அத ஒத்துக்கறேன், ஆனா காத்துல இருக்க வேண்டிய அளவு உப்பு கணக்குல இருக்கும்போது நாம மூட்டை கணக்குல அரைக்கிறோம்ங்க. அதே அமெரிக்க விதில தரை அரைக்கிற மெஷின்னா தண்ணி வசதியோ தூசி உறிஞ்சுற வேக்கமோ சேந்துதான் இருக்கணும்னு தெளிவா எழுதியிருக்கு. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1ல இருந்து கிச்சன் மேடைக்கு போடுற செயற்கை குவார்ட்ஸ் கல்லையே தடை பண்ணிடுச்சு, அத அறுக்கிற பசங்களுக்கு இந்த நோய் வரிசையா வந்ததால. ரெண்டு தூசிலயும் இருக்கறது சிலிகாதான், அங்க கிச்சன் மேடை, இங்க தரை.

இப்ப நம்ம சைட்டுல என்ன நடக்குதுன்னு சொல்றேன். கடை, ஷோரூம் வேலைன்னா பகல்ல குடுக்க மாட்டாங்க, நைட்டு பத்து மணிக்கு கடை சாத்துன பிறகுதான் உள்ள விடுவாங்க, காலைல ஆறு மணிக்குள்ள தொடச்சு குடுத்துட்டு போயிடணும். சத்தம் வெளிய போகக்கூடாது, பக்கத்து கடைக்கு தூசி போகக்கூடாதுன்னு ஷட்டர இறக்கி விட்டுடுவாங்க. வீட்டு வேலைன்னாலும் அதேதான், ஒரு ரூம் அரைக்கும்போது மத்த ரூமுக்கு தூசி போயிடும், மேல போட்ட பெயிண்டிங் கெட்டுடும்னு சொல்லி கதவுக்கு பிளாஸ்டிக் ஷீட் கட்டி டேப் ஒட்டி ஜன்னலையும் சாத்திடுவாங்க. பெயிண்ட், கப்போர்டு, பக்கத்து வீட்டுக்காரர் காயப்போட்ட துணி, எல்லாத்தையும் தூசில இருந்து காப்பாத்தியாச்சு. அந்த ஷீட்டுக்கு உள்பக்கம் ஒரு பையன் நிக்கறான்ங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு வெளிய வருவான், இமை முடி வெள்ளையா இருக்கும், மூஞ்சில கர்ச்சீப் கட்டுன இடம் மட்டும் அவன் நெறத்துல தெரியும், கர்ச்சீப்ப அவுத்து உதறிட்டு அதுலயே மூஞ்சிய தொடச்சுட்டு டீ குடிச்சுட்டு அதையே திருப்பி கட்டிட்டு உள்ள போயிடுவான்.

பெரிய மெஷின விட மோசம் ஓரம் அடிக்கிற வேலை. சுவத்து ஓரம், மூலை, தூண் சுத்தி, படிக்கட்டு, இங்கெல்லாம் பெரிய மெஷின் போகாது, ஆங்கிள் கிரைண்டர்ல கப் வீல் மாட்டி குத்தவச்சு ஒக்காந்து கையால அரைக்கணும். மூஞ்சிக்கும் கிரைண்டருக்கும் நடுவுல ஒண்ணரை அடி கூட இருக்காது, வீல் சுத்துற வேகத்துல தூசி நேரா சுவத்துல அடிச்சு திரும்பி மூக்குக்கே வரும். கைல பிடிக்கிற கரண்ட் மெஷின்னால தண்ணி ஊத்த பயம், அதனால முக்கால்வாசி பேரு இத காய வச்சுதான் அரைக்கிறாங்க. வழக்கமா டீம்லயே சின்ன பையன், புதுசா வந்தவன், அவனதான் ஓரம் அடிக்க விடுவாங்க. வேலை முடிஞ்சதும் சித்தாள் அக்கா தென்னம் விளக்குமாறு எடுத்து கூட்டும், அதுவரைக்கும் கீழ படிஞ்சு கெடந்தது மறுபடியும் மேல எழும்பும், அந்தக்காவுக்கு கர்ச்சீப் கூட இல்ல, சேலை முந்தானைதான். ராத்திரி அதே ரூம்ல பாய விரிச்சு படுத்துக்குவாங்க, ஒரு மூலைல அடுப்ப வச்சு சோறு ஆக்குவாங்க, வெளியூர் பசங்களுக்கு சைட்டுதானே வீடு.

இந்த நோய் உடனே வராது, வழக்கமா பத்து வருஷம் பதினஞ்சு வருஷம் கழிச்சு தெரியும், தூசி ரொம்ப அதிகமா இருந்தா சில வருஷத்துலயே வரும். அதுக்குள்ள அந்த பையன் ஊருக்கு போயிருப்பான், இல்ல வேற வேலைக்கு போயிருப்பான், நம்ம ஷோரூம் தரை பளபளன்னு இருக்கும், ரெண்டையும் முடிச்சு போட்டு பாக்க ஆளே இருக்காது. எங்கப்பா கூட வேலை பாத்த அண்ணன் ஒருத்தருக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சப்ப ஆஸ்பத்திரில டிபின்னு சொல்லி மருந்து குடுத்தாங்க, கோர்ஸ முழுசா முடிச்சாரு, சரியாகல, மறுபடியும் டிபி மருந்து. எக்ஸ்ரே எடுத்தாங்க, பீடி குடிப்பியான்னு கேட்டாங்க, என்ன வேலை பாத்தேன்னு யாரும் கேக்கவே இல்ல. கடைசில அவரு பத்து படி ஏறினா ஒக்காந்துடுவாரு, ஒரு காலத்துல மொசைக் மெஷின ஒத்த ஆளா மாடிக்கு ஏத்துனவரு.

மொசைக் காலத்த பத்தி ஒண்ணு சொல்லணும். அப்பல்லாம் கார்போரண்டம் கல்லு மாட்டி தண்ணி ஊத்தி ஊத்திதான் அரைப்பாங்க, கடைசில ஆக்சாலிக் ஆசிட் பவுடர் போட்டு தேய்ப்பாங்க, வீடு பூரா சேறா இருக்கும், திட்டிக்கிட்டேதான் கழுவுவாங்க. ஆனா அந்த சேறு பல பேரு நுரையீரல காப்பாத்துச்சு. அந்த அண்ணன் உடம்பு கெட்டது ஓரம் அடிக்கிற வேலைலயும் கல்லு அறுக்கற வேலைலயும், அது ரெண்டும் எப்பவும் காய்ஞ்சுதான் நடந்துச்சு. இப்ப டைமண்ட் வந்துடுச்சு, காய வச்சே வேகமா அரைக்கலாம், கழுவ வேண்டாம், சீக்கிரம் முடியும்னு வேக்கமும் இல்லாம மொத்த தரையையும் அப்படி பண்றாங்க. இதே எடத்துல இன்னொண்ணும் சொல்லிக்கிறேன், பழைய வீட்டுல மொசைக் தரையோ ரெட் ஆக்சைடு தரையோ நல்லா இருந்தா தயவுசெஞ்சு ஒடைக்காதீங்க. மொசைக்க லேசா பாலிஷ் விட்டாலே திரும்ப உயிர் வந்துடும், ரெட் ஆக்சைடுக்கு அரைக்கவே வேண்டாம், தொடச்சு எண்ணெய் போட்டாலே போதும். ஒடைச்சா அதுலயும் நிறைய தூசி வரும்.

சரி என்ன பண்ணலாம்? மாஸ்க் குடுத்தா போதாதான்னு எல்லா ஓனரும் கேக்குறாங்க. கர்ச்சீப்பும் துணி மாஸ்க்கும் அந்த சைஸ் தூசிய நிறுத்தாது. என்95 நிறுத்தும், ஆனா மூஞ்சில ஒட்டி ஒக்காரணும், தாடி இருந்தா ஓரத்துல காத்து போகும், நம்ம ஊர் வெயில்ல சாத்துன ரூம்ல வேர்வைல நனைஞ்சு போயிடும், அப்புறம் மூச்சு விட முடியாம கழட்டிடுவான், அவன குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல. ரப்பர்ல பில்டர் மாத்துற மாஸ்க் இருக்கு, அது கொஞ்சம் மேல். எதா இருந்தாலும் மாஸ்க் கடைசில வர்ற பாதுகாப்புதான், முதல்ல தூசி காத்துக்கு வராம பாக்கணும்.

அதுக்கு வழி ரெண்டு. ஒண்ணு தண்ணி. கட்டி முடிச்சு பெயிண்ட் அடிக்காத வீடு, புது குடோன், இங்கெல்லாம் தண்ணி விட்டு அரைக்கிறதுல எந்த கஷ்டமும் இல்ல, கரண்ட் கசிஞ்சா லைன உடனே கட் பண்ற 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி போட்டுக்கணும், வயர் ஜாயிண்ட் தரைல கெடக்க கூடாது, அப்ப ஷாக் அபாயம் ரொம்ப கொறைஞ்சிடும். அந்த சேத்து தண்ணிய சாக்கடைல ஊத்தக்கூடாது, செடிக்கும் ஊத்தக்கூடாது, அது சுண்ணாம்பு தண்ணி கணக்கா காரம், பிஎச் 12 கிட்ட போகும், கால் விரல் இடுக்குல பட்டா புண்ணாயிடும், பைப்புல போனா உள்ளயே சிமெண்டா இறுகி அடைச்சுக்கும். டிரம்ல புடிச்சு தெளிய விட்டு அடில படிஞ்சத காய வச்சு கட்டட கழிவோட போட்டுடணும். பூட்ஸ் போட்டுக்கணும். இன்னொரு வழி வேக்கம், வீட்டுல வச்சிருக்கற வேக்கம் கிளீனர் இல்ல, அது பின்பக்கமா நுண்ணு தூசிய ரூமுக்கே திருப்பி விட்டுடும், நுண்ணு தூசியையும் பிடிச்சு வைக்கற ஹெப்பா பில்டர் உள்ள இண்டஸ்ட்ரியல் வேக்கம். பெரிய மெஷினுக்கு ஒண்ணு, ஓரம் அடிக்கிற கிரைண்டர்ல வீல சுத்தி மூடுற மாதிரி ஒரு கவர் வரும், அதுக்கு பைப் மாட்டி இன்னொண்ணு. ஒழுங்கா மாட்டுனா அரைக்கிற எடத்துலயே உறிஞ்சுடும், ஆள் இமை முடி கருப்பாவே இருக்கும். கூட்டுறதுக்கும் விளக்குமாறு கிடையாது, வேக்கம்தான், இல்ல ஈரத்துணி.

இதுக்கு காசு ஆகும்ங்க, மறைக்கல. நல்ல வேக்கம் லட்சக்கணக்குல இருக்கு, பில்டர் மாத்தணும், ஒரு ஆள் கூட வேணும். எங்க கொட்டேஷன்ல சதுர அடிக்கு சில ரூபா கூட வரும். போன வருஷம் ஒரு துணிக்கடைக்கு கொட்டேஷன் குடுத்தேன், தூசி ஏற்பாட்ட தனி வரியா போட்டிருந்தேன், அந்த வரிய மட்டும் பேனால அடிச்சுட்டு இத எடுத்துட்டு ரேட்ட சொல்லுங்கன்னு திருப்பி குடுத்தாங்க. முடியாதுன்னுட்டேன், வேற ஆள் ஷட்டர சாத்திட்டு காய வச்சு அரைச்சு குடுத்துட்டு போனாரு. அவர மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன், அவருக்கும் வாரக் கூலி குடுக்கணும். வேலை குடுக்கறவங்க கேட்டாதான் இது மாறும். எல்லா கொட்டேஷன்லயும் அந்த வரி இருந்தா அடிச்சு போட யாருக்கும் தோணாது, அது இல்லாம எனக்கு வேண்டாம்னு நாலு ஆர்க்கிடெக்ட் சொன்னா ஆறு மாசத்துல ஊர்ல இருக்கற எல்லா டீமும் வேக்கம் வாங்கிடும்.

இன்னொரு விஷயம் யாரும் யோசிக்கறது இல்ல, எவ்ளோ தூசி வரும்னு முடிவாகுறது கான்கிரீட் ஊத்துற அன்னிக்கு. தரைய பாலிஷ் போட போறோம்னு முன்னாடியே முடிவு பண்ணி எம்25, எம்30ன்னு பலமான கலவை ஊத்தி, லெவல் பாத்து, மேல்பரப்ப தேய்ச்சு சமன் பண்ற பவர் ட்ரோவல் மெஷின் ஓட்டி விட்டா மேல அரை மில்லிமீட்டர் எடுத்தாலே வேலை ஆயிடும். ஊத்தும்போது கலவை இறுகுதுன்னு தண்ணிய கலந்து விட்டாங்கன்னா மேல் பரப்பு மாவா ஆயிடும், அது போற வரைக்கும் அரைக்கணும். தண்ணி காட்டுறதும் அப்படித்தான், கான்கிரீட்டுக்கான இந்திய தர விதி ஐஎஸ் 456ல சாதா சிமெண்டுக்கு குறைஞ்சது 7 நாள், இப்ப எல்லாரும் வாங்குற, சாம்பல் கலந்த பிபிசி மாதிரி கலப்பு சிமெண்டுக்கு 10 நாள் ஈரம் காயாம இருக்கணும்னு போட்டிருக்கு, நம்மாளுங்க மூணாவது நாளே ஹோஸ சுருட்டி வச்சிடுறாங்க. அந்த ஏழு நாள் தண்ணிய மிச்சம் பிடிச்சதுக்கு பின்னாடி ஒருத்தன் கூட ரெண்டு மில்லிமீட்டர் அரைச்சு அந்த தூசிய முழுங்கணும். அப்புறம் குடோனுக்கு 3000 நம்பர் மின்னல் எதுக்குங்க, போர்க்லிப்ட் ஓடுற தரைக்கு 400 போதும், டென்சிபையர் போட்டா கெட்டியாவும் இருக்கும். பாத்ரூம், எண்ணெய் சிந்துற கிச்சன் பக்கமெல்லாம் ரொம்ப மின்ன வைக்காதீங்க, வழுக்கும்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. சிலிகோசிஸ் வந்தா டாக்டர் அரசாங்கத்துக்கு தெரிவிக்கணும்ங்கறது 1948 பேக்டரி சட்டத்துல இருந்தே இருக்கு, ஆனா அது பேக்டரிக்கு போட்ட சட்டம், நாங்க வேலை பாக்கறது யாரோ வீட்டு ஹால்ல. ராஜஸ்தான்ல 2019ல இதுக்குன்னே தனி கொள்கை கொண்டு வந்தாங்க, நோய் இருக்குன்னு சர்டிபிகேட் குடுத்தா 3 லட்சம் ரூபா உதவி, மாசா மாசம் பென்ஷன். இங்க மார்பிள், தரை பாலிஷ் பண்ற பசங்கள்ல நிறைய பேரு அந்த ஊர்க்காரங்கதான், ஆனா நம்மூர்ல எத்தனை வருஷம் அரைச்சேன்னு கேட்டா காட்ட ஒரு துண்டு சீட்டு கூட அவங்க கைல இருக்காது. நம்ம தமிழ்நாட்டுல கட்டுமான தொழிலாளர் நல வாரியம் 1994ல இருந்து இருக்கு, கட்டட செலவுல ஒரு சதவீதம் அதுக்குன்னே வசூல் பண்றாங்க. அந்த காசுல வருஷம் ஒரு தடவை தரை பாலிஷ், கல் அறுக்கற, டிரில்லிங் ஆளுங்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரேவும் ஊதி பாக்குற நுரையீரல் டெஸ்டும் எடுக்கலாம், வெளி மாநில பசங்களையும் சேத்து. அரசு ஆஸ்பத்திரில டிபி சீட்டு எழுதும்போதே என்ன வேலை பாக்குற, எத்தனை வருஷமா பாக்குறன்னு ரெண்டு கட்டம் சேத்து கேட்டா போதும், எங்காளுங்க பாதி பேரு அதுலயே தெரிஞ்சிடுவாங்க.

உங்க வீடு மனை பக்கத்துல அடுத்த தடவை தரை பத்தி போடும்போது, வேலை குடுக்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியதுன்னு ஒரு சின்ன பெட்டி போட்டு தண்ணி விட்டு அரைப்பீங்களா வேக்கம் இருக்கா, ஓரம் அடிக்கிற கிரைண்டருக்கும் இருக்கா, சேறு எங்க போகும், ஆளுங்க எங்க படுப்பாங்கன்னு நாலு வரி போட்டுடுங்க. உங்க நிருபர் யாராச்சும் நேர்ல பாக்கணும்னா நான் வேலை பாக்கற சைட்டுக்கும் கூட்டிட்டு போறேன், காய வச்சு அரைக்கிற எடத்தையும் காட்டுறேன். நைட்டு பத்து மணிக்கு மேல வர சொல்லுங்க, பில்டர் மாஸ்க் நான் தர்றேன். பேரு போட வேண்டாம்ங்க.

இப்படிக்கு,
தரை பாலிஷ் கான்ட்ராக்டர் ஒருத்தர்,
கோயம்புத்தூர்